தார் பாலைவன எல்லைச் சாலையில் ஒரு நாள்: முதன்முறை செல்லும் சைக்கிள் பயணிகளுக்கு

ராஜஸ்தானின் மேற்கு விளிம்பில் ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர் வழியாகத் தனோட் வரை செல்லும் சாலை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் ஓரளவு பழகிய ஒருவர் பாலைவனத்தில் முதன்முறையாக வண்டி மிதிக்க விரும்பினால், நம் நாட்டில் அவருக்கு இந்தச் சாலையைத்தான் பரிந்துரைப்பேன். சாலை நன்றாக இருக்கிறது; ஏற்றங்கள் மணல்மேடுகளின் உயரத்தைத் தாண்டுவதில்லை; ஒரே நாளில் மிதிக்கக்கூடிய தூரத்துக்குள் படுக்க இடம் கிடைக்கிறது. அதே வேளையில், இது பாகிஸ்தான் எல்லையை நோக்கிச் செல்லும் சாலை என்பதையும், ராம்கரைத் தாண்டிய பின் கடையோ நிழலோ இல்லாமல் மணிக்கணக்கில் செல்ல வேண்டியிருக்கும் என்பதையும் புறப்படுமுன் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வயலும் ஊரும் மாறி மாறி வரும் நம் பக்கத்துச் சாலைகளில், இன்றைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தூரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றவற்றை வழியில் பார்த்துக்கொள்கிறோம். பாலைவன எல்லையில் அந்த முறை உதவாது. கையில் உள்ள தண்ணீர், அன்றைய காற்று, போக அனுமதியுள்ள இடம் ஆகிய மூன்றையும் முதலில் கணக்கிட்டு, அவை இடம் கொடுக்கும் தூரத்தையே அன்றைய தூரமாகக் கொள்ள வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவதற்காகவே.

புதியவர்களுக்கு நான்கு நாள் திட்டம் போதும். முதல் நாள் ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர் வரை சுமார் 65 கி.மீ.; இரண்டாம் நாள் ராம்கரிலிருந்து தனோட் வரை 57 கி.மீ. அளவில், மூன்றாம் நாள் தனோட்டிலிருந்து லோங்கேவாலா வழியாக மீண்டும் ராம்கருக்குச் சுமார் 80 கி.மீ.; நான்காம் நாள் ஜெய்சல்மேர். முதல் நாள் சாலையில் காற்றாலைகளும், சானு சுண்ணாம்புக்கல் சுரங்கத்து லாரிகளும், இடையிடையே ஊர்களும் உண்டு. ஆகவே அது உடலையும் வண்டியையும் சோதித்துக்கொள்ளும் நாளாக அமையும். உண்மையான பாலைவன நாள் இரண்டாம் நாள்தான். அதையே இங்கு விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

பருவமும் பகல் பொழுதும்

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை செல்லலாம். ஜெய்சல்மேருக்கு அண்டையிலுள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்தியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை அது. ஏப்ரல் முதல் இந்த வட்டாரத்தில் வெயிலும் மணற்புயலும் சேர்ந்துகொள்வதால், எத்தனை அனுபவம் உள்ளவரும் சைக்கிளில் செல்லக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. குளிர்காலத்திலோ பகலில் 23, 24 டிகிரி அளவில் இதமாக இருக்கும்; சில இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று சூரியன். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடியில் இருப்பதால், டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் அங்கே பொழுது விடிய ஏறத்தாழ 7.30 மணி ஆகிவிடும். மாலை 6 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அதே நாட்களில் 6.30 மணிக்கே விடிந்துவிடும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வெயிலுக்கு முன் பாதித் தூரத்தை முடித்துவிடும் நம் ஊர்ப் பழக்கத்தை அங்கே கொண்டுசென்றால், இரண்டரை மணி நேரம் கடுங்குளிரிலும் இருட்டிலும் எல்லைச் சாலையில் மிதிக்க நேரும். அதைச் செய்யக் கூடாது. கையில் இருப்பது பத்தரை மணி நேர வெளிச்சம் மட்டுமே என்று வைத்துக்கொண்டு நாளைத் திட்டமிடுங்கள்.

காற்றைப் பற்றியும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் இங்கு பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று வீசும். சாலை வடமேற்காகச் செல்வதால் அது வலப்புறத்திலிருந்து தாக்குமே தவிர எதிர்த்து நிற்காது. ஆனால் வட இந்தியாவில் மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து நகர்ந்து வந்து குளிர்கால மழை தரும் வானிலை அமைப்பு) ஒன்று கடந்து சென்ற பின் ஓரிரு நாட்களுக்கு வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று பலமாக அடிக்கும். அது நேரே முகத்தில் அடிக்கும் காற்று. சுமையேற்றிய வண்டியில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவர் அந்தக் காற்றில் 8 அல்லது 9 கி.மீ. வேகத்துக்கு இறங்கிவிடுவார், தேவையான தண்ணீரோ அதற்கேற்பக் கூடிவிடும். வானிலை முன்னறிவிப்பில் வடமேற்குக் காற்று மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் என்று தெரிந்தால், ராம்கரிலேயே ஒரு நாள் தங்கிவிடுவது நல்லது. அந்த ஒரு நாளைத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டால், காத்திருப்பது கசக்காது.

அனுமதியும் கட்டுப்பாடுகளும்

இயல்பான காலத்தில் இந்தியக் குடிமக்கள் தனோட் கோயில் வரையிலும் லோங்கேவாலா போர் நினைவிடம் வரையிலும் தனி அனுமதியின்றிச் செல்லலாம். தனோட்டைத் தாண்டி எல்லை வேலி இருக்கும் காவல் நிலை வரை செல்ல எல்லைப் பாதுகாப்புப் படையின் அனுமதிச் சீட்டு தேவை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு: எல்லையை ஒட்டிய இப்பகுதி அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டிருப்பதால், இலங்கை, மலேசியா, கனடா முதலிய நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழர்கள் ஜெய்சல்மேர் மாவட்ட நிர்வாகத்திடம் முறையாக விண்ணப்பித்து எழுத்து வடிவில் அனுமதி பெற்ற பிறகே ராம்கர் சாலையில் வண்டியைத் திருப்ப வேண்டும்.

இயல்பான காலம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 மே மாதம் இரு நாடுகளுக்கும் இடையே மோதல் மூண்டபோது ஜெய்சல்மேர் நகரமே இரவில் விளக்குகளை அணைத்து இருளில் இருந்தது. எல்லையோரக் கிராமங்களில் இரவு நடமாட்டத்துக்கு மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது தடை விதிப்பதும் வழக்கம். ஆகவே முந்தைய ஆண்டு சென்றுவந்த நண்பர் சொன்னதை மட்டும் நம்பாமல், ஜெய்சல்மேரில் காவல் துறை அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, அன்றைய நிலையை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எடுத்துச் செல்லக் கூடாதவை சில உள்ளன. செயற்கைக்கோள் தொலைபேசியையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளையும் அரசின் அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் எங்குமே சட்டவிரோதம். எல்லைப் பகுதியில் அது கைதில் முடியும். வெளிநாட்டில் நெடும்பயணம் செய்து பழகியவர்கள் பாதுகாப்புக்கென்று இக்கருவிகளை வைத்திருப்பது உண்டு. அவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ட்ரோன் கூடாது. படைமுகாம், கண்காணிப்புக் கோபுரம், சோதனைச் சாவடி ஆகியவற்றைப் படம் பிடிக்கக் கூடாது. ஹேண்டில்பாரில் கேமரா பொருத்தியிருந்தால், சாவடி தெரிந்தவுடனே அதை அணைத்துக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். அசல் அடையாள அட்டையும் அதன் நகல்கள் இரண்டும் எளிதில் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். சாவடியில் தமிழ் பேசும் வீரர் எதிர்ப்பட்டால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பணியிடத்தையோ அவர் படத்தையோ சமூக ஊடகத்தில் வெளியிடாமல் இருப்பதே அவருக்கு நாம் காட்டும் மரியாதை.

வண்டியும் முள்ளும்

40 மி.மீ. அகலத்துக்குக் குறையாத, முள் எதிர்ப்புப் பட்டை உள்ள டயர்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மாற்று ட்யூப் மூன்று, ஒட்டுப் பொட்டலம் ஒன்று, புதிதாகப் பிரித்த பசை ட்யூப் இரண்டு, டயர் லீவர்கள், பம்பு, செயின் இணைப்பி, இரண்டு போக்ஸ் கம்பிகள் ஆகியவை கட்டாயம் வேண்டும். பசையைப் புதிதாக வாங்கச் சொல்வதற்குக் காரணம், ஒருமுறை திறந்த பசை சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடுகிறது. அது தெரியவருவது தேவைப்படும் வேளையில்தான்.

பாலைவனம் என்றால் மணல்தான் டயருக்குப் பகை என்று நினைப்போம். உண்மையில் பஞ்சருக்குக் காரணம் நமக்கு நன்கு தெரிந்த நெருஞ்சி. அதன் காய் உலர்ந்து துண்டு துண்டாக உதிரும். ஒவ்வொரு துண்டும் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். கால்வாய்ப் பகுதிகளில் சீமைக் கருவேல முள்ளும் சேர்ந்துகொள்ளும். இவை தார்ச்சாலையின் நடுவில் இருப்பதில்லை. நாம் ஓய்வெடுக்க வண்டியைத் தள்ளிச் செல்லும் சாலையோர மண்ணில்தான் கிடக்கின்றன. ஆகவே ஓய்வு நேரத்தில் வண்டியை மண்ணில் உருட்டாமல் தூக்கிச் சென்று நிறுத்துங்கள். சுமையோடு தூக்க முடியாது என்றால், சாலை விளிம்பிலேயே பைகளைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். இந்த ஒரு பழக்கத்தால் பெரும்பாலான பஞ்சர்களைத் தவிர்க்கலாம்.

பஞ்சர் ஆகிவிட்டால் அவசரப்படாமல் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அதன்மேல் வையுங்கள். மணலில் விழுந்த வால்வு மூடி மீண்டும் கிடைக்காது. சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து விடுவித்து, ட்யூபை உருவுங்கள். அதன் பிறகு டயரின் உட்புறத்தை விரலால் தடவாமல் பஞ்சாலோ மெல்லிய துணியாலோ தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கி நூல் இழுக்கும். நெருஞ்சி ஒன்றோடு நிற்பதில்லை. ஒரு முள்ளைக் கண்டெடுத்த பின்னும் முழு வட்டத்தையும் இரண்டு முறை சுற்றிப் பாருங்கள். முள்ளின் தலை வெளியே ஒடிந்திருந்தால் நகவெட்டியால் உள்ளிருந்து பிடித்து இழுக்கலாம். காற்று வீசும் இடத்தில் ஒட்டுப் போட முயல வேண்டாம். பசையில் மணல் படிந்தால் ஒட்டு நிற்காது. புதிய ட்யூபைப் போட்டுக்கொண்டு, பழையதை மாலையில் அறைக்குள் வைத்து ஒட்டுங்கள்.

செயினுக்குக் கனமான எண்ணெய் போட்டால் அதில் மணல் ஒட்டி, பற்களை அரத்தைப் போலத் தேய்த்துவிடும். மெழுகு வகை எண்ணெயைக் கொஞ்சமாகப் போட்டு, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாலையும் உலர்ந்த பல் துலக்கும் பிரஷால் செயினையும் பல்சக்கரங்களையும் தேய்த்துவிட்டால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்.

முந்தைய மாலை, ராம்கரில்

தனோட் பயணம் ராம்கரில் முந்தைய மாலையே தொடங்கிவிடுகிறது. கடைத்தெரு உள்ள கடைசி ஊர் இது. பஞ்சாபில் சட்லஜும் பியாசும் கூடும் ஹரிகேயில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயின் நீர் இவ்வட்டாரம் வரை வந்துசேர்வதால், ஊரைச் சுற்றிக் கொஞ்சம் பச்சை தெரியும். கால்வாயைக் கண்டதும் இறங்கிக் குளிக்கலாம் என்று தோன்றும். அதன் கரைகள் வழுவழுப்பான சரிவாகக் கட்டப்பட்டவை. இறங்குவது எளிது, ஏறுவது நீச்சல் தெரிந்தவருக்கும் கடினம். குளியலை விடுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை அன்று மாலையே நிரப்பிவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஒருவருக்கு 5 லிட்டரும், அதற்கு மேல் அவசரத்துக்கு 1.5 லிட்டரும் தேவை. பிப்ரவரியில் பகல் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் மொத்தம் 8 லிட்டராகக் கூட்டிக்கொள்ளுங்கள். அவசரத் தண்ணீர் மூடி பிரிக்காத பாட்டிலாக இருக்கட்டும். தனோட் சென்று சேரும் வரை அதைத் தொடக் கூடாது. கனமான பாட்டில்களைப் பக்கவாட்டுப் பைகளின் அடியில், இருபுறமும் எடை சமமாக இருக்கும்படி வையுங்கள். மேலே கட்டினால் வண்டி பக்கக் காற்றில் தள்ளாடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முழு ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்துக் கெட்டியாகக் குடிப்பது தீங்கு.

வழியில் நிலத்தடி நீர் கிடைத்தாலும் பல இடங்களில் அது உப்பாகவே இருக்கும். வீடுகளை அடுத்து டாங்கா எனப்படும் மழைநீர்த் தொட்டிகளும், பேரி எனப்படும் சிறு ஊற்றுக் கிணறுகளும் காணப்படும். ஆண்டுக்கு 200 மி.மீ. கூட நம்பிக்கையாகப் பெய்யாத நிலத்தில் ஒரு குடும்பம் தன் தேவைக்காகச் சேமித்த நீர் அது. ஆளில்லாதபோது ஒரு சொம்பு கூட எடுக்கக் கூடாது.

உணவுக்குப் பரோட்டா நான்கைந்து மடித்துக் கட்டித் தரச் சொல்லுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புக் கடலை ஆகியவை பையில் இருக்கட்டும். இரவு உணவில் கம்பு ரொட்டியும் மோரும் கேர்–சாங்ரி கறியும் கிடைத்தால் விடாதீர்கள். சாங்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னி மரத்தின் காய்தான்.

படுக்கும் முன் மூன்று செய்திகளை வீட்டுக்கு அனுப்புங்கள்: எந்தச் சாலை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும். ராம்கருக்குப் பிறகு கைபேசிச் சமிக்ஞை நெடுந்தூரம் இல்லாமல் போவதால், நடுவழியில் தொடர்பு கிடைக்கவில்லை என்று வீட்டினர் பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மாலை 6 மணி என்று எல்லை வைத்துக்கொள்வது சரியாக இருக்கும். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, 112 என்ற அவசர எண்ணையும் தங்கும் விடுதியின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

விடியல் முதல் பதினொன்றரை வரை

6 மணிக்கு எழுந்து, சூடாக எதையேனும் சாப்பிட்டு, இரண்டு குவளைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, 7.45 மணிக்கு வண்டியை எடுங்கள். கம்பளிக் கையுறை, காது மூடும் தொப்பி, காற்று புகாத மேல்சட்டை ஆகியவை முதல் ஒன்றரை மணி நேரத்துக்குத் தேவை. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வியர்க்கத் தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்; நனைந்த பனியன்மேல் பாலைவனக் காற்று பட்டால் குளிர் உள்ளே இறங்கிவிடும்.

குளிரில் தாகம் தெரியாது. உலர்ந்த காற்று வியர்வையை உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால், உடலிலிருந்து நீர் போவதும் தெரியாது. ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மிடறு குடியுங்கள். கைக்கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்வது நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் பின்தங்கிவிட்டீர்கள் என்று பொருள். நின்று, அரை லிட்டர் குடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுச் செல்லுங்கள்.

ராம்கரை விட்டு வெளியேறியபின் வயல்கள் முடிந்து, எருக்கும் புதரும் படர்ந்த மணல்மேடுகள் தொடங்கும். சாலை மேடுகளை வெட்டிச் செல்லாமல் அவற்றின் மேல் ஏறி இறங்கிச் செல்வதால், எதிரே வரும் வாகனம் மேட்டுக்கு அப்பால் மறைந்திருக்கும். இறக்கத்தில் வேகம் எடுக்கத் தோன்றும். ஆனால் மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்வில்தான் காற்று மணலைச் சாலையின் குறுக்கே நாக்கு நீட்டியது போலக் கொண்டுவந்து போட்டிருக்கும். அதைத் தொலைவிலேயே பார்த்துக்கொண்டு, மணலைத் தொடும் முன் வேகத்தைக் குறைத்து, எளிய கியருக்கு மாறி, உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, ஹேண்டில்பாரை இறுக்காமல் நேராகப் பிடித்தபடி சீராக மிதித்துக் கடக்க வேண்டும். மணலுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது, திரும்பக் கூடாது. ஒரு சாண் ஆழம் இருக்கும்போல் தெரிந்தால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.

படை வாகனங்கள் வரிசையாக வரும்போது சாலையிலேயே ஓரமாக ஒதுங்கி மிதிக்க முயலாமல், காலை ஊன்றி நின்று வழிவிடுங்கள். ஒட்டகங்கள் சாலையில் நின்றால் மணி அடிக்க வேண்டாம்; மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. மெதுவாக, அவை நம்மைப் பார்க்கும்படி, நிறைய இடம் விட்டுக் கடக்க வேண்டும். ஊர் நாய்கள் துரத்தினால் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தாலே அடங்கிவிடும். கானமயில் தென்படுமானால் அது பெரும்பேறு. அழிவின் விளிம்பில் நிற்கும் அந்தப் பறவையைச் சாலையிலிருந்தே பார்த்து மகிழ்ந்துவிட்டு நகருங்கள்.

சாலையை விட்டு மணல் தடங்களில் இறங்கக் கூடாது என்பதை விதியாகவே கொள்ள வேண்டும். எல்லை அருகில் என்பது ஒரு காரணம். 1965, 1971 போர்கள் இந்த மண்ணில் நடந்தன என்பது மற்றொன்று. மணலில் கிடக்கும் உலோகத் துண்டு எதையும் காலால்கூடத் தொடாதீர்கள்.

அன்றைய மிக முக்கியமான முடிவு காலை 11.30 மணிக்கு எடுக்கப்பட வேண்டியது. அந்த நேரத்தில் ராம்கரிலிருந்து 30 கி.மீ. கடந்திருக்க வேண்டும், தண்ணீரில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ராம்கருக்கே திரும்பிவிடுங்கள். இந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். மூன்றே முக்கால் மணி நேரத்தில் 30 கி.மீ. என்றால் ஓய்வும் சேர்த்து மணிக்கு 8 கி.மீ. வேகம். பிற்பகலில் காற்று வலுத்து, அது 6 கி.மீ. ஆகக் குறைந்தாலும், எஞ்சிய 27 கி.மீ. தூரத்தை நான்கரை மணி நேரத்தில் முடித்து மாலை 4 மணிக்குச் சேரலாம். ஒரு பெரிய பழுதுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 5 மணி. இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் கையில் இருக்கும். அதற்கும் குறைவான வேகத்தில் செல்பவருக்கு இந்த ஒரு மணி நேரம் இல்லாமல் போகிறது. களைப்பு ஏறிய பிறகு இதைக் கணக்கிட மனம் ஒப்பாது. இன்னும் கொஞ்சம்தானே என்றே சொல்லும். ஆகவேதான் எண்ணை முந்தைய இரவே தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவிட வேண்டும் என்கிறேன். குழுவாகச் செல்வோர், மெதுவாக வருபவரின் தூரத்தையும் தண்ணீரையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

நண்பகலும் பிற்பகலும்

குளிர்காலத்திலும் நண்பகலில் அரை மணி நேரமாவது நிழல் வேண்டும். மரம் கிடைக்காத இடத்தில் இரண்டு வண்டிகளுக்கு இடையே மெல்லிய விரிப்பைக் கட்டி நிழல் செய்துகொள்ளலாம். உட்காரும் முன் தரையைப் பாருங்கள். நெருஞ்சியைத் தவிர, துணியிலும் காலுறையிலும் ஒட்டிக்கொண்டு விரலைக் குத்தும் புரட் என்னும் புல்லின் விதைகளும் எங்கும் உண்டு. அவற்றைக் கையால் பிடுங்காமல் சீப்பால் வாரி எடுங்கள்.

வழியில் ராணாவ் போன்ற சிற்றூர்களும் தனித்த வீடுகளும் வரும். தண்ணீர் கேட்கத் தயங்க வேண்டியதில்லை; கேட்கும் முறைதான் முக்கியம். வேலிக்கு வெளியே நின்று, உரக்க "ராம் ராம் சா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். வீட்டில் ஆண்கள் இல்லாவிட்டால் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள். சிறுவர் எவரேனும் வெளியே வருவார். "பானி மிலேகா?" என்றால் போதும். பாட்டிலை நேரே பானைக்குள் விடாமல், அவர்கள் ஊற்றும்போது பிடித்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்குப் பணத்தை நீட்டினால் மனம் நோவார்கள். குழந்தைகளுக்கென்று கடலை மிட்டாய் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். யாரையும் கேட்காமல் படமெடுக்கக் கூடாது.

தனோட்டுக்குச் சில கிலோமீட்டருக்கு முன் கண்டியாலி மாதா கோயில் வரும். நிழலும் உட்கார இடமும் உள்ள அந்த இடத்தில் நின்று, டயரையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டு கிளம்பலாம்.

தனோட்டில்

தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையே பராமரித்து வருகிறது. 1965 போரில் இப்பகுதியில் பாகிஸ்தான் படையினர் பொழிந்த ஆயிரக்கணக்கான குண்டுகளில் கோயிலைச் சுற்றி விழுந்தவை வெடிக்கவில்லை என்பது இங்குள்ளோரின் நம்பிக்கை. வெடிக்காத குண்டுகள் சில கோயிலுக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வேண்டுதலுக்காக மக்கள் கட்டிய கைக்குட்டைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். மாலை ஆரத்தியைப் படைவீரர்களே நடத்துகிறார்கள். களைத்திருந்தாலும் அதற்கு இருந்து கும்பிட்டுவிட்டு வரச் சொல்வேன்.

வந்து சேர்ந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காவலில் இருப்பவரிடம் அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளில் வந்திருப்பதையும் இரவு தங்க விரும்புவதையும் தெரிவியுங்கள். அடுத்து, தங்க இடம் இருக்கிறதா என்று கோயில் வளாகத்தில் கேளுங்கள். நவராத்திரி நாட்களில் பாத யாத்திரையாக வருபவர்களால் இடம் நிரம்பிவிடும் என்பதால் அந்நாட்களைத் தவிர்ப்பதே நல்லது. இடம் இல்லையென்றால், வெளிச்சம் இருக்கும்போதே ராம்கருக்குத் திரும்பும் வாகனம் ஒன்றில் வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். வெட்டவெளியில் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் இந்தப் பகுதியில் கூடவே கூடாது. இடம் உறுதியான பின், சமிக்ஞை கிடைக்கும் இடத்தைக் கேட்டறிந்து வீட்டுக்குத் தகவல் அனுப்புங்கள். அதன் பிறகு தண்ணீர் நிரப்புதல், அதன் பிறகு வண்டி, கடைசியாகத்தான் ஓய்வு.

மறுநாள் லோங்கேவாலா செல்வதா, வந்த வழியே திரும்புவதா என்பதை அன்றிரவே முடிவு செய்ய வேண்டும். தனோட்டிலிருந்து லோங்கேவாலா ஏறத்தாழ 38 கி.மீ.; அங்கிருந்து ராம்கர் 43 கி.மீ. அளவில். மொத்தத் தூரம் கூடுதல் என்பதோடு, முதல் பகுதியில் ஆள் நடமாட்டமும் குறைவு. 1971 டிசம்பர் 4, 5 தேதிகளில் அங்கே மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் பஞ்சாப் ரெஜிமெண்டின் சுமார் 120 வீரர்கள் இரவு முழுவதும் பாகிஸ்தானின் டாங்கிப் படை ஒன்றைத் தடுத்து நிறுத்தினார்கள். விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து பறந்து வந்த ஹண்டர் போர் விமானங்கள் அந்த டாங்கிகளைத் தாக்கின. இரவில் சாலையை விட்டு இறங்கிய டாங்கிகள் பல இளமணலில் சிக்கிக்கொண்டதும் அந்தப் போரின் போக்கை மாற்றியது. நினைவிடத்தில் அவற்றைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

இரண்டாம் நாளை மாலை 4 மணிக்குள், அவசரத் தண்ணீரைத் தொடாமல், மாற்று ட்யூப் இரண்டாவது மிச்சமிருக்க முடித்தவர்கள் லோங்கேவாலா வழியைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவர்கள் ராம்கருக்கு நேரே திரும்பி, விரும்பினால் அங்கிருந்து ஜீப் பிடித்து நினைவிடத்தைப் பார்த்துவரலாம். எந்த வழியானாலும், காலையில் கிளம்பும்போது தனோட் காவலரிடம் செல்லும் சாலையைச் சொல்லி, ராம்கரில் இறங்கியதும் தகவல் தருவதாகக் கூறி, அப்படியே தகவல் கொடுத்துவிடுங்கள்.